துருவப் பனியும் நந்திக்கடலும்

அன்புள்ள ஐயா,

முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வடதுருவப் பனி உருகுவதால் கடல் மட்டம் உயர்கிறது என்று வகுப்பில் சொன்னேன். ஒரு மாணவன் எழும்பி, "கிளாஸில மிதக்கிற ஐஸ் கரைஞ்சா தண்ணி வழியாதே, சேர்" என்றான். என்ன பதில் சொல்வது? அவ்வளவு தூரத்தில் உருகுவது எங்கள் நந்திக்கடல் களப்பு வரைக்கும் வருமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெடியன் கெட்டிக்காரன். அவன் சொன்னது சரி. வடதுருவத்தில் இருப்பது பெரும்பாலும் கடலில் மிதக்கும் பனி. 1980களில், பனி ஆகக் குறையும் செப்டெம்பர் மாதத்தில்கூட அது 70 இலட்சம் சதுர கிலோமீற்றரை ஒட்டி இருந்தது. 2012இல் 34 இலட்சத்துக்கும் கீழே போனது. அதனால் கடல் ஏறியது என்று சொல்ல முடியாது. வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்பும், கறுத்த கடல் குடித்துவிடும். அதுதான் அங்கே சிக்கல்.

பனியில் கடலை ஏற்றுவது தரைமேல் கிடப்பதுதான். கிளாஸுக்குள் தண்ணீருக்கு மேலே தெரியும்படி ஒரு கல்லை வைத்து, அதன் மேல் ஐஸை வைத்துக் காட்டுங்கள். கிரீன்லாந்தும் அந்தாட்டிக்காவும் அப்படித்தான். கிரீன்லாந்துப் பனி முழுதும் உருகினால் கடல் 7 மீற்றருக்கு மேல் உயரும். அதற்குப் பல நூற்றாண்டுகள் பிடிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பிள்ளைகளை வெருட்ட வேண்டாம். அதற்காக மிதக்கிற பனி போனால் போகட்டும் என்றும் விட முடியாது. 2002இல் அந்தாட்டிக்காவில் லார்சன் பி என்ற மிதக்கும் பனித்தட்டு சில வாரங்களில் நொறுங்கியது. அது முட்டுக்கொடுத்து நின்ற தரைப் பனியாறுகள் பிறகு கடலை நோக்கி வேகமாக நகரத் தொடங்கின.

அப்புறம், தூரம். எனக்கு இதில் மிகவும் பிடித்த விசயம் இதுதான். கிரீன்லாந்தின் பனி அவ்வளவு பாரமானது; தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடலைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் இழுவையும் குறையும். அதனால் கிரீன்லாந்தின் சொந்தக் கரையில் கடல் இறங்கும். விடுபட்ட தண்ணீர் தூரத்துக் கடல்களுக்குப் போகும். நமக்கு வருவது உலகச் சராசரியைவிடச் சற்றுக் கூடிய பங்கு. தூரத்தில் இருக்கிறோம் என்று ஆறுதல்பட வழியில்லை.

1993இலிருந்து உலகக் கடல் சராசரியாக 10 சென்ரிமீற்றர் அளவில் ஏறியிருக்கிறது. நம் கரையில் வற்றுப்பெருக்கே ஒரு மீற்றருக்குள்தான்; அங்கே 10 சென்ரிமீற்றர் சின்னக் கணக்கில்லை. மாரியில் நந்திக்கடல் நிரம்பினால் வட்டுவாகல் முகத்துவாரத்தை வெட்டிவிடுகிறார்களே, களப்புத் தண்ணீர் கடலைவிட உயர்ந்து நிற்பதால்தான் அது வெளியே ஓடுகிறது. கடல் ஏற ஏற அந்த ஓட்டம் மந்தமாகும், வயலில் வெள்ளம் நிற்கும் நாள் கூடும்.

ஆனால் கிணறு உவர்த்த உடனே கிரீன்லாந்தைத் திட்ட வேண்டாம். மழை பொய்த்ததா, பக்கத்துத் தோட்டத்தில் மோட்டர் நாள் முழுக்க இறைக்கிறதா என்று முதலில் பாருங்கள்.