குளவி கொட்டினால் சுண்ணாம்பு தடவலாமா?

கேள்வி: ஒடுகத்தூருக்குப் பக்கத்தில் மாந்தோப்பை ஒட்டி எங்கள் வீடு. போன வாரம் 9 வயது மகனுக்குப் புறங்கையில் குளவி கொட்டிவிட்டது. கறுப்பாக முள் மாதிரி ஒன்று தோலில் குத்திக்கொண்டு நின்றது. மாமியார் உடனே வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவினார். வலி குறைந்தது. மறுநாள் கை முழங்கை வரை வீங்கி, தொட்டால் சுட்டது. சீழ் பிடித்துவிடும் என்று மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். சுண்ணாம்பு வைத்தது சரியா? வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வெகுநேரம் ஆகும். எந்த நிலையில் கிளம்ப வேண்டும்? கூடு இன்னும் மரத்தில் இருக்கிறது. பந்தம் கொளுத்தி எரித்துவிடுகிறேன் என்கிறார் வீட்டுக்காரர்.

பதில்: அந்தக் கறுப்பு முள்ளை நீங்கள் கவனித்தது நல்லதாயிற்று. கொட்டியது குளவி இல்லை, தேனீ. தேனீயின் கொடுக்கில் பின்பக்கமாக வளைந்த முட்கள் உண்டு. அவை தோலில் மாட்டிக்கொள்ள, தேனீ பறக்க முயலும்போது கொடுக்கு விஷப்பையோடு பிய்ந்து நம் உடம்பிலேயே தங்கிவிடும். அதற்குப் பிறகும் அந்தப் பை தானாகத் துடித்து விஷத்தை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். குளவியும் கதண்டும் கொடுக்கை விட்டுப் போவதில்லை. ஒரே குளவி நாலைந்து முறைகூடக் கொட்டும்.

விஷத்தில் பெரும்பகுதி முதல் அரை நிமிடத்துக்குள் இறங்கிவிடும். எனவே எப்படி எடுக்கிறோம் என்பதை விட, எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். விரலால் பிடித்தால் விஷம் பிதுங்கி உள்ளே போகும், அட்டையால் வழித்துத்தான் எடுக்க வேண்டும் என்று ஒரு பேச்சு உண்டு. ஏடிஎம் கார்டைத் தேடி வீட்டுக்குள் ஓடும் அந்த நேரத்தில்தான் விஷம் கூடுதலாக இறங்குகிறது. நகத்தால் சுரண்டுங்கள், பிடுங்குங்கள், எதுவானாலும் உடனே. அங்கேயே நிற்கவும் வேண்டாம். கொட்டிய இடத்திலிருந்து பழுத்த வாழைப்பழம் போல ஒரு வாசனை கிளம்பும். கூட்டிலுள்ள மற்ற தேனீக்களுக்கு அது அழைப்பு.

இனி சுண்ணாம்பு. தேனீ விஷம் அமிலம், சுண்ணாம்பு காரம், இரண்டும் சேர்ந்தால் சரியாகிவிடும் என்ற கணக்கு பள்ளிக்கூடத்திலிருந்தே நம் மனதில் இருக்கிறது. ஆனால் வலிக்கும் வீக்கத்துக்கும் முக்கியக் காரணம் அமிலம் இல்லை, விஷத்திலுள்ள மெலிட்டின் போன்ற புரதப்பொருட்கள். அவை தோலுக்கு அடியில் போய்விட்டன. மேலே பூசுவது அங்கே எட்டாது. வலி குறைந்தது உண்மைதான். பொதுவாக ஒன்றிரண்டு மணி நேரத்தில் அது தானாகவே குறையும், பெயர் சுண்ணாம்புக்குப் போய்விடுகிறது. பிள்ளைகளின் மெல்லிய தோலைச் சுண்ணாம்பு பொசுக்கிவிடும், கண்ணருகே பட்டால் பார்வைக்கே ஆபத்து. மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். வெங்காயம் தேய்ப்பதில் கெடுதல் இல்லை, பெரிய பலனும் இல்லை. மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம்.

சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பத்து நிமிடம் வைத்து எடுங்கள். விட்டு விட்டு வைக்கலாம். மோதிரம், காப்பு இருந்தால் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். வலிக்குப் பாராசிட்டமால், அரிப்புக்குச் செட்ரிசின், பிள்ளையின் எடைக்கும் வயதுக்கும் உரிய அளவில். மேலே கலமைன் லோஷன் போதும்.

மறுநாள் முழங்கை வரை வீங்கியது பயமுறுத்தியிருக்கும். கொட்டிய கையே வீங்கி, சிவந்து, சூடாவது விஷத்துக்கு உடல் காட்டும் எதிர்ப்பு. இரண்டு நாள் ஏறும், வாரம் பத்து நாளில் வடியும். இதற்கு ஆன்டிபயாடிக் தேவைப்படுவதில்லை. மூன்று நான்கு நாள் கழித்து வலி புதிதாகக் கூடினாலோ, காய்ச்சலோ சீழோ வந்தாலோதான் கிருமித் தொற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. கொட்டியது கையில், ஆனால் வயிற்றிலும் முதுகிலும் தடிப்பு, உதடு, நாக்கு வீக்கம், குரல் கம்முவது, மூச்சில் விசில் சத்தம், திரும்பத் திரும்ப வாந்தி, தலைசுற்றல், மயக்கம். இவை பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தெரியும். அதனால் கொட்டிய பிறகு ஒரு மணி நேரமாவது பிள்ளையைத் தனியே விடாதீர்கள். இதில் ஏதாவது தெரிந்தால் உடனே 108. படுக்க வைத்துக் காலைத் தூக்கி வையுங்கள். மூச்சு திணறினால் மட்டும் உட்கார வைக்கலாம். எழுப்பி நடக்க விடாதீர்கள்.

அப்போது உயிரைக் காப்பது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. செட்ரிசின் அதற்கு ஈடாகாது. விலை குறைந்த சாதாரண மருந்துதான், ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்திருக்க வேண்டிய அவசர மருந்துகளில் ஒன்று. ஆகவே நேராக வேலூருக்கு வண்டியை விடாமல், வழியில் முதலில் வரும் அரசு மருத்துவமனையில் ஊசியைப் போட்டுக்கொண்டு, பிறகு அடுக்கம்பாறைக்கோ சி.எம்.சி.க்கோ போங்கள். வீட்டுப் பெரியவர்கள் யாராவது அட்டெனலால் போன்ற ரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டால் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அட்ரினலின் அவர்களுக்குச் சரியாக வேலை செய்யாமல் போகலாம்.

ஒவ்வாமை இல்லாவிட்டாலும், கூட்டம் கலைந்து பிள்ளைக்குப் பத்து, பெரியவர்களுக்கு முப்பது கொட்டுக்கு மேல் விழுந்தால் அன்றே பெரிய மருத்துவமனை. விஷம் தசையையும் ரத்த அணுக்களையும் சிதைத்துச் சிறுநீரகத்தை அடைத்துவிடும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ, அளவு குறைந்தாலோ, அது மறுநாளோ மூன்றாம் நாளோ ஆனாலும் தாமதிக்கக் கூடாது. வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டினால் ஒரே கொட்டுக்கும் ஓட வேண்டும். கண்ணில் பட்டால் கசக்காமல் கண் மருத்துவரிடம்.

பந்தத்தை வீட்டுக்காரர் கையிலிருந்து வாங்கி வையுங்கள். கிளையில் பெரிய ஒற்றை அடையாகத் தொங்கினால் மலைத்தேனீயாக இருக்கும். பூ முடிந்ததும் தானே இடம் மாறிப் போகும் இனம், அதுவரை அந்த மரத்தடிக்குப் பிள்ளையை விடாமல் இருந்தால் போதும். பனையிலோ தென்னையிலோ மண் பூசிய பானை போலக் கதண்டுக் கூடு இருந்தால் 101-ஐ அழைத்துத் தீயணைப்பு வீரர்களிடம் விட்டுவிடுங்கள். இருட்டிய பிறகு, உடம்பை மூடும் உடுப்போடு அவர்கள் வந்து எடுப்பார்கள்.