உப்புக் காற்றுக்குத் தாங்கும் ஸ்குரூ எது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டில் நாமே செய்துகொள்ளும் சின்ன வேலைகளைப் பற்றியவை. எந்த மெஷின் வாங்கலாம், எந்தக் கடையில் மலிவு என்றுதான் அநேகமாக எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள். கடலோரத்தில் குடியிருக்கும் நமக்கு அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. சுவரில் மாட்டிய பொருள் எத்தனை வருஷம் சுவரிலேயே இருக்கும்? அதனால் மெஷினைவிட ஸ்குரூவுக்குத்தான் இங்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: சமையல்கட்டில் பாத்திர ஸ்டாண்டும் இரண்டு ஷெல்ஃபும் மாட்ட வேண்டும். ஆள் கூப்பிட்டால் அரைநாள் கூலி கேட்கிறார்கள், சொன்ன நாளில் வருவதும் இல்லை. டிரில்லிங் மெஷின் சொந்தமாக வாங்கிவிடலாமா? எங்கள் வீடு ஹாலோ பிளாக் (நடுவில் வெற்றிடம் விட்ட சிமென்ட் கல்) சுவர். (பாம்பன் வாசகி)

பதில்: வாங்கலாம் அக்கா. வருஷத்துக்கு ஏழெட்டு ஓட்டை போடுகிற வீட்டுக்கு 13 எம்எம் சக் (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்) உள்ள, 500 முதல் 650 வாட் வரையிலான இம்பாக்ட் டிரில் (சுழன்றுகொண்டே இடிக்கவும் செய்வது) தாராளமாகப் போதும். 2,000 ரூபாயிலிருந்து 3,500 ரூபாய்க்குள் நல்ல கம்பெனி மெஷின் கிடைக்கும். இதற்கு மேல் வாட் கூடினால் எடைதான் கூடும். ஸ்டூலில் ஏறி நின்று, கையைத் தூக்கிப் பிடித்து ஓட்டை போடும்போது அந்த எடை தெரியும்.

பேட்டரி மெஷின் பார்க்க அழகாக இருக்கும், வயர் தொல்லையும் கிடையாது. ஆனால் அதை வாங்கும் முன் பெட்டியில் பேட்டரியும் சார்ஜரும் சேர்ந்து வருகிறதா என்று கேளுங்கள். ஆன்லைனில் விலை பாதியாகத் தெரிந்தால் பல நேரம் அது வெறும் மெஷினின் விலையாக இருக்கும். பேட்டரியைத் தனியாக வாங்கப் போனால் மெஷின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். மாதக்கணக்கில் தொடாமல் கிடக்கப்போகும் மெஷினுக்கு வயர் உள்ளதுதான் சரி.

கடைக்காரரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: "இதற்குக் கார்பன் பிரஷ் கிடைக்குமா?" மெஷினுக்குள் தேய்கிற பொருள் அதுதான். சில்லறைக் காசில் மாற்றிவிடலாம். அது கிடைக்காத கம்பெனி என்றால் பிரஷ் தேய்ந்த அன்றைக்கே மெஷின் காயலான் கடைக்குப் போய்விடும். பிளக்கில் இரண்டு பின்தான் இருக்கிறது, எர்த் பின் இல்லையே என்று பலர் பயப்படுகிறார்கள். மெஷின் மேல் கட்டத்துக்குள் கட்டம் போல ஒரு குறி இருக்கிறதா என்று பாருங்கள். அது இரட்டைக் காப்பு உள்ளது என்பதற்கான அடையாளம், அதற்கு எர்த் தேவையில்லை. அந்தக் குறியும் இல்லை, மூன்றாவது பின்னும் இல்லை என்றால் அதை வாங்காதீர்கள்.

இப்போது உங்கள் சுவருக்கு வருவோம். ஹாலோ பிளாக்கில் ஓட்டை போடும்போது சுத்தியல் படம் போட்ட சுவிட்சை நிறுத்திவிட்டு, வெறும் சுழற்சியில் மட்டும் ஓட்டுங்கள். இடித்துக்கொண்டே போனால், பிட் (ஓட்டை போடும் கம்பி) உள்ளே இருக்கும் வெற்றிடத்தை எட்டுகிற நொடியில் பிளாக்கின் உள்பக்கம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிடும். வெளியே பார்த்தால் ஓட்டை சின்னதாகத்தான் தெரியும். ஸ்குரூவைப் பிடித்துக்கொள்ளச் சுவருக்குள் வைக்கிற பிளக்கைத் தட்டினால் அது பிடிமானமே இல்லாமல் உள்ளே விழுந்துவிடும். முனையில் கார்பைடு வைத்த சுவர் பிட், 8 எம்எம் ஓட்டை, உள்ளே போனதும் முடிச்சுப் போல மடங்கிப் பிடித்துக்கொள்ளும் நீள நைலான் பிளக், இதுதான் அந்தச் சுவருக்கான ஜோடி. செங்கல் சுவருக்குப் போடுகிற மாதிரி மரக்குச்சியைச் செதுக்கி அடிக்கிற பழக்கம் ஹாலோ பிளாக்குக்கு ஒத்துவராது.

பாத்திர ஸ்டாண்டு பரவாயில்லை. வாட்டர் ஹீட்டர் மாதிரி கனமான பொருள் என்றால் ஹாலோ பிளாக்கை நம்ப வேண்டாம். கான்கிரீட் தூணிலோ பீமிலோதான் மாட்ட வேண்டும். அந்தக் கான்கிரீட்டில் உங்கள் 500 வாட் மெஷின் திணறும். அதற்கென்று ஹேமர் மெஷின் ஒன்றை வாங்கி வைக்காதீர்கள், ஒரு நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கதவுக்கும் ஜன்னல் கொசுவலைக்கும் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், துருப்பிடிக்காத எஃகு) ஸ்குரூ என்று கேட்டுத்தான் வாங்கினேன். காந்தம்கூட வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. ஒரு வருஷம் ஆகவில்லை, பழுப்பு நீர் வழிந்து சுவரெல்லாம் கறை. ஏமாற்றிவிட்டார்களா? (தேவிபட்டினம் வாசகர்)

பதில்: உங்கள் வீட்டுச் சுவர்க் கறை எனக்கு நன்றாகத் தெரியும் தம்பி. ஸ்குரூ தலையிலிருந்து ஆரம்பித்து, மஞ்சள் கரைத்து ஊற்றின மாதிரி ஒரு கோடு கீழே இறங்கும். எங்கள் வீட்டுக் கடல் பக்க ஜன்னலில் அப்படி வழிந்த ஒரு ஸ்குரூவைக் கழற்றப் போனேன். ஸ்குரூ டிரைவரை வைத்து ஒரு திருப்புத் திருப்பினேன், தலை மட்டும் பொடியோடு உதிர்ந்து கையில் வந்தது. தண்டு பாதி கரைந்த கற்கண்டு போல உள்ளேயே நின்றுவிட்டது. அதுவும் எஸ்எஸ் என்று சொல்லி விற்றதுதான்.

விஷயம் இதுதான். எஸ்எஸ் என்பது ஒரே உலோகம் அல்ல, அது ஒரு குடும்பம். 304 என்ற ரகத்தில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். 316 ரகத்தில் இவற்றோடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினமும் சேரும். உப்பை எதிர்த்து நிற்கிற பலம் அந்த மாலிப்டினத்தால் வருகிறது. 202 என்று ஒரு ரகம் உண்டு. நிக்கல் விலை அதிகம் என்பதால் அதைக் குறைத்து, மாங்கனீஸைக் கூட்டிச் செய்தது. மதுரையில் ஒரு வீட்டுக்குள் இருந்தால் அது நன்றாகவே உழைக்கும். இங்கே கடல் பக்க ஜன்னலில் தாங்காது.

காந்தச் சோதனை உங்களைக் கைவிட்டதற்கும் காரணம் இதுதான். 202ம் காந்தத்தில் ஒட்டாது, 304ம் ஒட்டாது. இன்னும் ஒரு குழப்பம் உண்டு. நல்ல 304 ஸ்குரூகூட, மரை உருட்டும்போது ஏற்பட்ட அழுத்தத்தால் லேசாகக் காந்தத்தை இழுக்கலாம். அதனால் காந்தத்தை வைத்து நீங்கள் கண்டுபிடிக்கக்கூடியது ஒன்றுதான்: பளிச்சென்று முலாம் பூசிய சாதா இரும்பா இல்லையா என்பது. தகரத்தைத் தானே துளைத்துக்கொண்டு இறங்கும் ஸ்குரூவில் எஸ்எஸ் என்று விற்பது பெரும்பாலும் 410 ரகம். கடினமாக இருக்க வேண்டும் என்பதற்காக அதில் செய்கிறார்கள். அது காந்தத்தில் நன்றாக ஒட்டும், நம் காற்றில் துருவும் பிடிக்கும்.

எப்படித் தெரிந்துகொள்வது? போல்ட் என்றால் தலையைப் பாருங்கள். ஏ2 என்று பொறித்திருந்தால் 304 வகை, ஏ4 என்றிருந்தால் 316 வகை. சின்ன ஸ்குரூவின் தலையில் எழுத இடம் இருக்காது, அதனால் பெட்டியின் மேல் ஒட்டிய லேபிளைக் காட்டச் சொல்லுங்கள். சில்லறையாக எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாலும் "எஸ்எஸ் 304" என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற கடையில் வாங்க வேண்டாம். படகு சாமான் விற்கிற கடையிலும் கேட்டுப் பாருங்கள். கடலில் இறங்குகிற பொருளுக்குச் சாமான் கொடுக்கிறவர்களுக்கு இந்த ரக வித்தியாசம் தொழிலே.

எல்லா இடத்துக்கும் 316 போட்டுக் காசைக் கரைக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள் இருக்கும் கதவுக்கு 304 போதும். கடலைப் பார்த்த ஜன்னல், மொட்டைமாடிக் கொடிக் கம்பி, வெளி கேட், தண்ணீர்த் தொட்டி கிளாம்ப் இவற்றுக்கு 316 வாங்குங்கள். பத்துப் பதினைந்து ஸ்குரூதானே, வித்தியாசம் ஒரு வேளை மீன் வாங்குகிற காசுகூட வராது.

அப்புறம் ஒன்று: 304 நன்றாக இருந்தும் மேலே தேநீர்க் கறை மாதிரி படியலாம். அது அழுகல் இல்லை. மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தால் உப்புப் படிவு போய்விடும். இரும்பு நாரால் தேய்க்காதீர்கள், அதிலிருந்து உதிரும் இரும்புத் துகள் எஸ்எஸ் மேல் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும். குளியலறை கழுவுகிற ஆசிட் ஆவியும் எஸ்எஸ்ஸுக்கு ஆகாது.

கேள்வி: காக்கா (அண்ணன்) வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பி, புது வீட்டுக்கு நூற்றுச்சொச்சம் உருப்படி உள்ள டூல் கிட் ஆன்லைனில் வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். வாங்கலாமா? (கீழக்கரை வாசகி)

பதில்: வேண்டாம். அந்த நூறில் எண்பது சின்னச் சின்ன பிட்டும் ஆணியும்தான். கட்டிங் பிளேயர், 300 கிராம் சுத்தியல், ஒரு தட்டை ஒரு நட்சத்திர ஸ்குரூ டிரைவர், டெஸ்டர், 5 மீட்டர் டேப், சின்ன ரசமட்டம், திருகி அகலம் மாற்றுகிற ஸ்பேனர் ஒன்று, டெஃப்லான் டேப் இரண்டு சுருள். இவற்றை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். அதே காசுக்கு இரண்டு மடங்கு தரம் கிடைக்கும். ஸ்குரூ டிரைவர் முனையை மட்டும் கவனியுங்கள். விளிம்பு கூர்மையாக, கறுத்த நிறத்தில் இருந்தால் நல்லது. முழுக்கப் பளபளவென்று முலாம் பூசிய முனை ஸ்குரூ தலையைத் தின்றுவிடும்.

வாங்கிய பிறகு திறந்த அலமாரியில் போட்டு வைக்காதீர்கள். மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பா, அதில் செருப்புப் பெட்டியிலும் மருந்துப் பாட்டிலிலும் வருகிற சிலிகா ஜெல் பொட்டலங்கள், தையல் மெஷின் எண்ணெய் தொட்ட ஒரு துணி. எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்புத் துடைத்து உள்ளே வையுங்கள்.

கேள்வி: கிரைண்டிங் மெஷின் வாங்கி நான்காம் நாள் புகைந்துவிட்டது. கடையில் கேட்டால் பில்லைக் காட்டுகிறார்: "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது." கம்பெனிக்குப் போய்க்கொள் என்கிறார். (சாயல்குடி வாசகர்)

பதில்: அந்த வரியை அச்சடித்துவிட்டால் சட்டம் ஒதுங்கிக்கொள்ளாது. 2019ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. குறைபாடுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது அதன்படி முறையற்ற வணிக நடைமுறை. பில் கொடுக்க மறுப்பதும் அப்படித்தான். ஆனால் பிடிக்கவில்லை, நிறம் சரியில்லை என்று திருப்புவதற்கு இது பொருந்தாது, பழுது இருக்க வேண்டும்.

முதலில் மெஷினைப் பிரிக்காதீர்கள், தெரிந்த மெக்கானிக்கையும் பிரிக்க விடாதீர்கள். சீல் உடைந்தால் உங்கள் மேலேயே பழி திரும்பும். புகைந்த இடம், சீரியல் நம்பர், பில் மூன்றையும் போட்டோ எடுங்கள். கடைக்காரரிடம் வாய்ப்பேச்சை நிறுத்திவிட்டு, தேதி போட்டு நாலே வரியில் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்துக் கேளுங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபால். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியலாம். பல கம்பெனிகள் அந்த இடத்திலேயே இறங்கி வந்துவிடும். அப்படியும் வராவிட்டால் ராமநாதபுரத்தில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம் என்பது இந்தச் சட்டம் தந்த வசதி. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. கெடு இரண்டு வருஷம். வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை.

கேள்வி: ஜன்னல் கிரில்லுக்கு வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கிறோம். ஆறே மாதத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரிகிறது. இன்னும் விலை கூடின பெயிண்ட் வாங்க வேண்டுமா? (தங்கச்சிமடம் வாசகர்)

பதில்: பெயிண்டை விடுங்கள், அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இரும்பின் மேல் படிந்த உப்பைக் கழுவாமல் மேலே பூசினால், அந்த உப்பு பெயிண்டுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். நீங்கள் பார்க்கிற கொப்புளம் அந்த ஈரம்தான். ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே பழுப்புத் தண்ணீர் கசியும்.

2025 ஏப்ரல் 6 அன்று திறந்த பாம்பன் புது ரயில் பாலம் உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. அதில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டு, பாலிசிலோக்சேன் பூச்சுப் பூசி, இணைப்புகளை முழுக்க வெல்டிங் செய்திருக்கிறார்கள். வெல்டிங் முழுமையாக இருந்தால் உப்புத் தண்ணீர் புகுந்து தங்க இடுக்கு இருக்காது. உங்கள் கிரில்லிலும் துரு முதலில் கிளம்புவது பட்டையும் கம்பியும் சேர்கிற அந்த இடுக்கில்தான்.

செய்ய வேண்டியது இவ்வளவு. கம்பி பிரஷ்ஷால் தளர்ந்த துருவை எல்லாம் எடுங்கள், இடுக்குக்குச் சின்ன அரம் போட்டுக்கொள்ளுங்கள். எமரித் தாளால் தேயுங்கள். அப்புறம் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். வீட்டுக் கிணறு உப்பு என்றால் அந்தத் தண்ணீர் வேண்டாம், குடிக்கிற தண்ணீரில் ஒரு குடம் எடுத்து இதற்கு ஒதுக்குங்கள். இந்த ஒரு குடத்தைச் செலவழிக்க மனம் வராமல்தான் முக்கால்வாசிப் பேர் பெயிண்டுக்குச் செலவழிக்கிறார்கள். நன்றாகக் காய்ந்ததும் அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும், ஒரு ராத்திரி விட்டால் திரும்ப உப்புப் படியும். கடல் பக்கத்துக்குச் சாதா ரெட் ஆக்ஸைடைவிட எபாக்ஸி ஜிங்க் பிரைமர் மேல். இரண்டு டப்பாவாக வரும், டப்பாவில் சொன்ன அளவில் கலந்து, சொன்ன நேரத்துக்குள் அடித்து முடியுங்கள். அதன் மேல் எந்தப் பெயிண்ட் சேரும் என்பதும் டப்பாவிலேயே இருக்கும். அதையே இரண்டு கோட் கொடுங்கள், இடுக்குகளுக்கு மட்டும் தனியாக ஒரு கோட்.

கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வலுத்து மணலும் சாரலும் அடிக்கிற மாதங்களில் இந்த வேலையை எடுக்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகளுக்கு எல்லாம் பெயிண்ட் நடக்கும். அந்தச் சமயத்தின் முதல் பாதிதான் கிரில்லுக்கும் தோது. காலையில் பனி ஈரம் போய் இரும்பு சூடேறும் வரை காத்திருந்து, பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து, வெயில் சாய்வதற்குள் முடித்துவிடுங்கள். மறுநாள் வரை அந்தக் கிரில்லில் யாரும் ஈரத் துணி காயப்போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.