பதில்: வலிப்பு நின்ற பிறகும் மகன் ஒதுங்கியே இருப்பது குறித்து

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். மாத்திரையால் மகனுக்கு வலிப்பு நின்றுவிட்டது, மருத்துவரும் நல்ல முன்னேற்றம் என்கிறார், ஆனால் பதினைந்து வயதுப் பையன் கோபிசெட்டிபாளையத்தில் பள்ளிக்குப் போகவே தயங்குகிறான், இந்த நிலையை அளக்க வழியுண்டா என்று கேட்டிருந்தீர்கள்.

வழி உண்டு. க்யூ.ஓ.எல்.ஐ.இ-ஏ.டி-48 என்னும் வாழ்க்கைத் தர வினாத்தாள் வலிப்பு நோயுள்ள 11 முதல் 17 வயது வரையிலானவர்களுக்கென்றே உருவாக்கப்பட்டு 1999-இல் வெளியானது. நினைவாற்றலும் கவனமும், பிறர் ஒதுக்குகிறார்கள் என்ற உணர்வு, பள்ளி, பிறர் தரும் ஆதரவு என எட்டுப் பிரிவுகளில் 48 கேள்விகள் உள்ள அதில் மதிப்பெண் 0 முதல் 100 வரை; கூடுதலாக இருந்தால் வாழ்க்கைத் தரம் மேல். மொத்த மதிப்பெண்ணைவிடப் பிரிவுவாரி மதிப்பெண்ணைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். கவனத்தில் குறைந்தால் மருந்தையும் அளவையும் மருத்துவர் பார்க்க வேண்டும். ஒதுக்கப்படும் உணர்வுக்கான பிரிவில் மதிப்பெண் குறைந்தால், அதாவது அந்த உணர்வு மிகுந்திருந்தால், வகுப்பாசிரியரிடம் பேச வேண்டும்.

தாளை அவனே தனியாக நிரப்பட்டும், ஏனெனில் பெற்றோர் தரும் மதிப்பீடும் பிள்ளையின் மதிப்பீடும் பல நேரங்களில் ஒத்துப்போவதில்லை. குளியலறையைத் தாழிட வேண்டாம் என்பது பாதுகாப்புக்கு அவசியம்தான், ஆனால் வெளியே நின்று நொடிக்கொரு தரம் "சாமி, நல்லாயிருக்கியா?" என்று கேட்பது அவனுக்கு எப்படி இருக்கிறது என்பதை அவன்தான் சொல்ல முடியும்.

லெவெடிராசிட்டம் போன்ற சில வலிப்பு மருந்துகளால் எரிச்சலும் மனச்சோர்வும் வரக்கூடும். அப்படித் தோன்றினால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.