பத்து லட்சம் பேர்கூட இல்லாத மங்கோலியர்கள் எப்படி உலக வல்லரசானார்கள்?

கொடூரம், வில்வித்தை என்று இரண்டு பதில்கள் உடனே வரும். இரண்டுமே அவர்களுக்கு முன்பு அதே புல்வெளியில் வாழ்ந்த நாடோடிகளிடமும் இருந்தவை. புதிதாக வந்தது படையை அடுக்கிய விதமும், தங்களுக்குத் தெரியாத வேலையைத் தெரிந்தவனிடம் கொடுத்த விதமும்தான்.

1206-இல் செங்கிஸ் கான் தன் மக்களை ஆயிரம் பேர் கொண்ட 95 அணிகளாகப் பிரித்தார். 10 பேர் அர்பன், 100 பேர் ஜாகுன், 1,000 பேர் மிங்கான், 10,000 பேர் தூமன். பத்துப் பத்தாகப் பிரிப்பது அங்கே பழைய வழக்கம். அவர் செய்தது வேறு. தோற்ற தாத்தார், கெரெயித் போன்ற குலங்களைக் கலைத்துப் பல அணிகளில் போட்டார். விசுவாசமாக இருந்த சில குலங்களுக்கு மட்டும் விலக்கு. அணி மாறினால் மரணம். பத்துப் பேரில் ஓரிருவர் போர்க்களத்திலிருந்து ஓடினால் மீதிப் பேருக்கும் அதே கதி. குலத்தலைவன் கோபித்துக்கொண்டு பாதிப் படையோடு பிரிந்துபோவது என்பது முந்தைய நாடோடிக் கூட்டணிகளுக்கெல்லாம் தீராத நோய். அதற்கு இங்கே வழியே இல்லை.

அடுத்தது குதிரை. ஒரு வீரனுக்கு மூன்று முதல் ஐந்து. மாற்றி மாற்றி ஏறுவதால் வேகம் குறையாது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்தச் சிறிய குதிரைக்கு நாளொன்றுக்கு உலர்ந்த எடையில் சுமார் 6 கிலோ புல், 20 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஒரு தூமனுக்கு 50,000 குதிரைகள் என்றால் 300 டன் புல், 10 லட்சம் லிட்டர் தண்ணீர், அதுவும் தினமும். வண்டியில் ஏற்றிப் போகிற சரக்கா இது? வழியிலேயே கிடைத்தாக வேண்டும். அதனால்தான் படை பல பிரிவுகளாகப் பிரிந்து நகர்ந்தது. ரஷ்ய நகரங்களைக் குளிர்காலத்தில் (1237–38) தாக்கினார்கள். உறைந்த ஆறுகளே சாலைகளாயின, பனியைக் குளம்பால் விலக்கிப் புல் தின்ன அந்தக் குதிரைகளுக்குத் தெரியும்.

புல் இல்லாத இடத்தில் இதே பலம் சுமையாகிவிடும். 1260-இல் சிரியாவின் அலெப்போ, டமாஸ்கஸ் இரண்டும் கைக்கு வந்தபின் செங்கிஸ் கானின் பேரன் ஹுலாகு கான் பெரும்படையோடு திரும்பிவிட்டார். பேரரசராக இருந்த அண்ணன் மோங்கே கானின் மரணத்தைத்தான் எல்லோரும் காரணமாகச் சொல்வார்கள். 1262-இல் பிரான்ஸ் மன்னர் ஒன்பதாம் லூயிக்கு ஹுலாகு அனுப்பிய கடிதமோ உணவும் தீவனமும் பெருமளவு தீர்ந்துபோனதைச் சொல்கிறது. நான் கடிதத்தை நம்புவேன். அவர் விட்டுச்சென்ற சிறு படையைச் செப்டம்பர் 3 அன்று பாலஸ்தீனத்தின் ஐன் ஜாலூத்தில், எகிப்தை ஆண்ட மம்லூக்குகள் முறியடித்தார்கள்.

தெற்குச் சீனாவில் ஆறும் வயலும் கோட்டையும்தான்; குதிரைக்கு அங்கே பெரிய வேலை இல்லை. அதை ஆண்ட சோங் அரசிலிருந்து 1261-இல் கட்சி மாறி வந்த தளபதி லியூ செங் சொன்னபடி, மோங்கேயின் தம்பியும் அவருக்குப் பின் பேரரசரானவருமான குப்ளாய் கான் ஆற்றுப்படை கட்டினார். சியாங்யாங் கோட்டை 1268 முதல் ஐந்து ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. கடைசியில் மேற்காசியாவிலிருந்து இஸ்மாயில், அலாவுத்தீன் என்ற இரண்டு பொறியாளர்களை வரவழைத்தார்கள். சீனக் கல்லெறி பொறியை ஆட்கள் கயிறு பிடித்து இழுப்பார்கள். இவர்களுடையதில் தடியின் குட்டை முனையில் பெரும்பாரம் தொங்கும், அது விழும் வேகத்தில் கல் பறக்கும். 1273-இல் சியாங்யாங் சரணடைந்தது. 1279-இல் சோங் அரசை முடித்த கடற்போரில் மங்கோலியர் பக்கம் தலைமை தாங்கிய சாங் ஹொங்ஃபானும் சீனர்தான்.

இவ்வளவு தூரத்தை இணைத்தது 'யாம்' எனும் அஞ்சல் நிலையங்கள். 1234-இல் செங்கிஸ் கானின் மகனும் வாரிசுமான ஒகொதாய் கான் இதை முறைப்படுத்தினார். நிலையத்தில் குதிரையும் உணவும் தருவது அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் பொறுப்பு. சிக்கலும் அங்கேதான் முளைத்தது: இளவரசர்கள் தங்களுக்கு வேண்டிய வணிகர்களுக்கெல்லாம் அனுமதித் தகடு கொடுத்தார்கள், அவர்கள் இலவசமாகச் சவாரி செய்தார்கள், குடும்பங்கள் நொடித்தன. 1251-இல் பட்டத்துக்கு வந்த மோங்கே, வணிகர்கள் அஞ்சல் குதிரையைத் தொடவே கூடாது என்று உத்தரவு போட வேண்டியதாயிற்று.