மாத்திரையை நிறுத்தியபின் ஓயாத கிளர்ச்சி: சகோதரியின் கேள்விக்கு

மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ராலின் மாத்திரையை நிறுத்தி 2 மாதமாக, மனதில் ஆசையே இல்லாமல் பிறப்புறுப்பில் கிளர்ச்சி ஓயவில்லை, உட்கார்ந்தால் கூடுகிறது, டாக்டரிடம் சொல்லக் கூச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். இது காம வெறி இல்லை, சகோதரி. 2001-லேயே லைப்ளம், நேதன் என்ற இருவர் மருத்துவ இதழில் விவரித்த கோளாறு.

அவ்வகை மாத்திரையை நிறுத்தும்போது சிலருக்கு இது வருவதுண்டு. அதற்காக நீங்களாக மறுபடி ஆரம்பிக்காதீர்கள். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் பேசுங்கள். ஆனால் உட்கார்ந்தால் கூடுகிறது என்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. இடுப்புக்குழியில் ஓடும் புடெண்டல் நரம்பு அழுந்தினாலும் அப்படி இருக்கும். முதலில் மகளிர் நோய் மருத்துவர் வெளியுறுப்பையும் இடுப்புத்தளத் தசையையும் பார்க்கட்டும். அப்புறம் கீழ்முதுகு எம்ஆர்ஐ. அதில் டார்லோவ் நீர்க்கட்டி (முதுகெலும்பின் அடியில் நரம்பு வேரில் வரும் நீர்ப்பை) இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். பல நேரம் முக்கியமில்லை என்று ஒதுக்கிவிடுவார்கள். மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்ப்பதும் உண்டு: அடங்கினால் கோளாறு நரம்புப் பாதையின் எந்த மட்டத்தில் என்று ஊகிக்கலாம்.

சிகிச்சை காரணத்தைப் பொறுத்தது. தசை இறுக்கமென்றால் அதைத் தளர்த்தும் பிசியோதெரபி (இறுக்கிப் பிடிக்கும் கீகல் பயிற்சி வேண்டாம், கூடிவிடலாம்), நரம்பென்றால் அதற்கான மருந்தோ ஊசியோ. சிலருக்கு குளோனாசெபாம் என்ற, நரம்பை அமைதிப்படுத்தும் மாத்திரை தருகிறார்கள். அதுவரை துணியில் சுற்றிய ஐஸ், கொஞ்ச நேரம். சிறுநீர் அடைத்தாலோ அந்த இடம் மரத்துப்போனாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். சொல்லக் கூச்சமென்றால், இங்கே எழுதியதையே தாளில் எழுதி டாக்டரிடம் நீட்டுங்கள்.