என்ஜிசி 1365: பட்டை ஏன் தெரியவில்லை?

8 அங்குலத் தொலைநோக்கியில் என்ஜிசி 1365 என்ற விண்மீன் மண்டலத்தை (கேலக்ஸி) பார்த்தால் வெறும் மங்கலான திட்டுதான் தெரிகிறது, படங்களில் மையத்தின் குறுக்கே நீளும் பட்டையும் அதன் முனைகளிலிருந்து வளையும் சுருள் கைகளும் எங்கே, கண்ணாடியில் கோளாறா என்று கேட்டிருந்தீர்கள். கண்ணாடி மேல் பழி போடாதீர்கள். நீங்கள் பார்த்த திட்டு, அந்த விண்மீன் மண்டலத்தின் மையம்தான்.

ஃபோர்னாக்ஸ் என்ற விண்மீன் மண்டலக் கொத்தில், சுமார் 5.6 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது அது. குறுக்களவு ஏறக்குறைய 2 லட்சம் ஒளியாண்டு, நம் பால்வீதியை விடப் பெரியது. வானில் நிலாவின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்குப் பரவியிருப்பதால் ஒளியும் நீர்த்துப்போகிறது. பட்டியலில் போட்டிருக்கும் பிரகாச எண் மொத்த ஒளிக்கானது; அதை நம்பி ஏமாறாதவர்கள் குறைவு!

மையம் மட்டும் ஏன் பளிச்சென்று இருக்கிறது? அதற்கும் பட்டைதான் காரணம். பட்டை என்பது கெட்டியான கம்பி இல்லை. நீள்வட்டப் பாதைகளில் ஓடும் விண்மீன்களின் கூட்டம். அதன் ஈர்ப்பில் சிக்கிய வாயு மோதி, வேகம் இழந்து, உள்ளே சரிகிறது. அங்கே புது விண்மீன்கள் பிறக்கின்றன. மிச்சத்தில் கொஞ்சம், சூரியனைப் போல் சுமார் 20 லட்சம் மடங்கு நிறையுள்ள கருந்துளைக்கு இரை.

சரி, நிலா இல்லாத இரவில், அது வானில் உச்சத்துக்கு வரும் நேரத்தில் பாருங்கள். அரைமணி நேரம் கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள். இடையில் கைபேசியைத் தொட்டால் எல்லாம் வீண். அப்புறம் நேராகப் பார்க்காமல் சற்றே ஓரமாகப் பாருங்கள். முதலில் பட்டை நீண்டு தெரியும். கைகளுக்கு நல்ல இருட்டான வானம் வேண்டும்.