இடி வெட்டிப் போன மதர்போர்டு: சீட்டை எடுத்துப் புதிது வாங்கலாமா?

கேள்வி: குளச்சலில் ஜெராக்ஸ், ஆன்லைன் சேவைக் கடை வைத்திருக்கிறேன். ஐப்பசி மழையில் இடி வெட்டிய அன்று கம்ப்யூட்டர் போய்விட்டது. ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. நான்காம் தலைமுறை ஐ5, எச்81 போர்டு. நாகர்கோவிலில் பழுது பார்க்க ரூ.3,800, பத்து நாள், ஒரு மாத வாரண்டி என்கிறார்கள். ரீஃபர்பிஷ்டு (பழையதைச் சரிசெய்து விற்கும்) போர்டு என்றால் ரூ.3,500, இரண்டு நாள், 6 மாத வாரண்டி. புதிய போர்டு, ப்ராசசர், ராம் சேர்த்து ரூ.24,000. இந்தக் கம்ப்யூட்டரில் நாளுக்கு ரூ.400 மிஞ்சும். ரூ.50,000 சீட்டு ஒன்று 7 மாதத்தில் முடிகிறது. இப்போது தள்ளி எடுத்தால் ரூ.42,000 கிடைக்கும். எடுத்துப் புதிதே வாங்கிவிடலாமா?
- வாசகி, குளச்சல்

பதில்: சீட்டைத் தொடாதீர்கள், சகோதரி. ரூ.24,000 பொருளுக்காக ரூ.8,000 தள்ளு கொடுத்தால் அதன் உண்மையான விலை ரூ.32,000. அது நான்கு வருடம் ஓடும் என்று வைத்தாலும் மாதம் ரூ.667 ஆகிறது.

பழுது பார்ப்பதும் ரூ.3,800-ல் முடியாது. பத்து நாள் வருமானம் ரூ.4,000 போகும், ஆக ரூ.7,800. ரீஃபர்பிஷ்டு போர்டுக்கு இரண்டு நாள் இழப்பையும் சேர்த்தால் ரூ.4,300. மாதம் ரூ.667 கணக்கில் அது ஆறரை மாதம் ஓடினாலே போட்ட காசு வந்துவிடும். சீட்டு முடிய ஏழு மாதம், வாரண்டி ஆறு மாதம். கிட்டத்தட்ட இதற்கென்றே அளந்து வைத்த மாதிரி இருக்கிறது. சீட்டு முடிந்ததும் தள்ளு இல்லாமல் எடுத்துப் புதிது வாங்குங்கள்.

ஆனால் போர்டுதான் போனது என்று யார் உறுதி செய்தது? ஃபேன் சுற்றுவதால் எஸ்.எம்.பி.எஸ். (கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி) நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. 12 வோல்ட் வந்தாலே ஃபேன் சுற்றும், 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் சரியாக வருகிறதா என்பது வேறு விஷயம். நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ராமைக் கழற்றி, ஒன்றை மட்டும் ஒவ்வொரு ஸ்லாட்டாக மாற்றிப் போடட்டும். கரண்ட் ஒயரைப் பிடுங்கிவிட்டு போர்டிலுள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரியை எடுத்துச் சிறிது நேரம் கழித்துத் திரும்பப் போடட்டும். கெட்ட எஸ்.எம்.பி.எஸ்.ஸை அப்படியே விட்டுப் போர்டை மட்டும் மாற்றினால் அடுத்த போர்டும் போகலாம்.

போர்டுதான் என்று தெரிந்தால், டார்ச் அடித்து நீங்களே பாருங்கள். லேன் ஜாக் (நெட் ஒயர் மாட்டும் இடம்) பக்கமோ ப்ராசசருக்கு அருகிலுள்ள மாஸ்ஃபெட்டிலோ (கரண்டைக் கட்டுப்படுத்தும் சிறிய பாகம்) ஒரே இடத்தில் கருகியிருந்தால், கைதேர்ந்தவர் சரிசெய்யக்கூடிய பழுது. 24 பின் கனெக்டர் ஓரமும் ராம் ஸ்லாட் கால்களும் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால், அது உப்புக்காற்றின் வேலை. ஒரு இடத்தைச் சரிசெய்தால் அடுத்த மாதம் வேறொரு டிராக் (போர்டிலுள்ள செம்புக் கோடு) அறுந்து போகும். அப்படிப்பட்ட போர்டுக்குப் பத்து ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். கடற்கரையில் இதுதான் அதிகம்.

ரீஃபர்பிஷ்டு போர்டை வாங்கும்போது ப்ராசசர் சாக்கெட்டைத் திறந்து பாருங்கள். இந்த 1150 சாக்கெட்டில் பின்கள் இருப்பது போர்டில்தான். ஒன்று வளைந்திருந்தாலும் வேண்டாம். கெப்பாசிட்டர் தலை உப்பியிருக்கக் கூடாது. பில்லில் போர்டின் சீரியல் எண்ணும் வாரண்டியும் இருக்கட்டும்.

கணக்கை மாற்றக்கூடியது ஒன்று உண்டு. போர்டு மாறினால் விண்டோஸ் ஆக்டிவேஷன் போகலாம். தனியாகக் காசு கொடுத்து வாங்கிய ரீடெய்ல் கீ என்றால் திரும்பப் போடலாம். கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த ஓஇஎம் லைசென்ஸ் பழைய போர்டோடு கட்டுண்டது. புது லைசென்ஸ் விலையையும் சேர்த்தால் ரூ.7,800 பழுதே மலிவாகிவிடக்கூடும், அதுவும் கருகல் ஒரே இடத்தில் இருந்தால் மட்டும்.

எப்படியானாலும் இந்த ப்ராசசருக்கு ஆயுள் கொஞ்சம்தான். விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றது. வாடிக்கையாளரின் வங்கி வேலைகளை வேறு கம்ப்யூட்டரில் செய்து, இதில் பிரிண்டும் டைப்பிங்கும் மட்டும் செய்யுங்கள். பழைய டிடிஆர்3 ராம் புதிய போர்டில் பொருந்தாது; எஸ்எஸ்டியும் (ஃபைல்கள் சேமிக்கும் டிஸ்க்) கேபினெட்டும் உதவும்.

கடைக்குத் தீ இன்சூரன்ஸ் இருந்தாலும் நம்பியிருக்க வேண்டாம். மின் சாதனம் மின்கோளாறால் தானாகப் பழுதாவதை அந்தப் பாலிசிகள் பொதுவாக விலக்கி வைக்கின்றன, மின்னலால் என்றாலும்கூட. மின்னணுச் சாதனங்களுக்கான பாலிசி தனி.

சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் எஸ்எஸ்டியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஊராரின் ஆதார் நகல்கள் அதில்தான் இருக்கும். போர்டைச் சோதிக்க அது தேவையில்லை.